வீக்கம் வடியட்டும்

போன வாரம் பார்லருக்கு ஒரு அம்மா வந்திருந்தார். புருவம் எடுக்க வந்தவரைப் போலத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நூலை வாயில் கடித்துக்கொண்டு பக்கத்தில் போன பிறகு, "அதெல்லாம் வேண்டாமுங்க, ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். தன் பிள்ளை பெண்ணாகிவிட்டது, கீழே கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறது, இப்போது முகத்துக்கும் ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று நிற்கிறது என்றார். நெற்றி எலும்பைச் செதுக்குவார்களாம், தாடையைச் சீவுவார்களாம், மூக்கைச் சின்னதாக்குவார்களாம். "அது தேவைதானுங்களா? அத்தன நோவு பட்டு ஏதாச்சும் பிரயோசனம் இருக்குங்களா?"

குன்னூரில் இதை என்னிடம் வந்து கேட்கச் சொல்லி யார் அனுப்பினார்களோ. நான் என்ன டாக்டரா? கல்யாணமாகிப் பொள்ளாச்சியிலிருந்து மலையேறி வந்து, மார்க்கெட்டுக்கு மேலே ஒரு சந்தில் பார்லர் வைத்துக் காலம் தள்ளுகிறவள். வாய்க்கு வந்ததைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு வாயைத் திறக்கும் முன்பே அவள் ஞாபகம் வந்துவிட்டது.

அவள் பேரை எழுதப்போவதில்லை. எத்தனையோ பேர்களைப் போட்டுப் பார்த்து, கழித்து, கடைசியில் தனக்கென்று அவளே வைத்துக்கொண்ட பேர். கேட்காமல் அதை எடுத்துப் பொதுவில் வைக்க எனக்கு மனசில்லை. என் பார்லருக்குப் பக்கத்து ஸ்வெட்டர் கடையில் வேலைக்கு நின்றாள். என் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். என்னை அக்கா என்பாள். நான் 'அடியே' என்பேன்.

எப்போதும் கழுத்தில் ஒரு மப்ளர் இருக்கும். கழுத்தில் என்றால் கழுத்தில் மட்டும் இல்லை. மோவாயை மூடி, தாடையைச் சுற்றி, காது வரைக்கும் ஏறும். மார்கழிப் பனியில் சரி. சித்திரை வெயிலில், டூரிஸ்டுகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போகிற நாளில்கூட அதே மப்ளர். "உனக்கு மட்டும் எந்த ஊர்ல பனி பெய்யுது?" என்று கேட்டால் சிரிப்பாள்.

"மலையில இருக்கறதுல இதான்க்கா சௌகரியம். தல முதல் கால் வரைக்கும் பொத்திக்கிட்டுப் போனாலும் ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். கீழ இதயே சுத்திக்கிட்டு நின்னா பைத்தியம்னுவான்."

என் கடை முழுக்கக் கண்ணாடிதான். அதில் எங்கே உட்கார்ந்தால் தன் முகம் தனக்குத் தெரியாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், கண்ணாடிக்கு முதுகு காட்டியபடி. பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் யாராவது போனைத் தூக்கி, "வாங்க எல்லாரும், ஒரு போட்டோ" என்றால் போதும், ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும். என் மகள் சடங்குக்கு விடிவதற்கு முன்பிருந்தே ஓடி ஓடி வேலை பார்த்தவள், ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட இல்லை. கேட்டதற்கு, "அப்புறம் எடுத்துக்கலாம்க்கா. மூஞ்சி சரியானதும் மொதப் போட்டோ உங்ககூடத்தான்" என்றாள்.

இந்த 'அப்புறம்'தான் அவள். அவளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நிற்கும். இன்றைக்கு இருக்கிற முகம் ஏதோ வழியில் தங்குகிற சத்திரம், சொந்த முகம் இனிமேல்தான் வரும், அதுவரைக்கும் யாரும் பார்த்துவிடக் கூடாது. அப்படியே வாழ்ந்தாள்.

அவளைச் சும்மா குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. ஒரு நாள் மத்தியானம் கடையில் ஒரு டூரிஸ்ட் ஜோடிக்கு ஸ்வெட்டர் காட்டிக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது. குடிப்பதற்காக மப்ளரை இறக்கினாள். அந்தப் பெண் புருஷன் தோளில் இடித்தாள். அவன் பார்த்தான். இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். ஓடிய பிறகு வாசலில் நின்று போனில் படம் வேறு எடுத்தார்கள். நான் எழுந்து போய்க் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவள் ஒரே ஸ்வெட்டரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அம்மா வருவார். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். சிலோனில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி இங்கே வந்த குடும்பம். எஸ்டேட் வீடுகளை எல்லோரும் லைன் என்றால் அவர் மட்டும் லயம் என்பார். டீயைத் தேத்தண்ணி என்பார். பதினேழு வயதில் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன பிள்ளையை எங்கெங்கோ விசாரித்து என் கடையில் கண்டுபிடித்தவர். அப்பா செத்த பிறகும் லயத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. வீட்டில் இருக்கிற சின்ன மகனுக்கும் தெரியாது. காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, என் கடையில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே காய்கறியும் வாங்கிக்கொண்டு போவார். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். புதுப் பேர் வாயில் நுழையவில்லை. "புள்ள" என்றுதான் கூப்பிடுவார். "புள்ள சாப்பிட்டுச்சா? புள்ள எளச்சிருச்சு."

அம்மாவையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். அதே அகலத் தாடை, அதே மேடு தட்டிய நெற்றி. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தம்மா நடந்து வந்தால் எதிரே வருகிறவன் தானாக ஒதுங்குவான், அப்படி ஒரு முகம். ஆபரேஷன் பேச்சு முதல் தடவை வந்ததும் அந்த ஹீட்டருக்குப் பக்கத்தில்தான்.

"தாடையச் சீவணும்மா. ஆம்பளத் தாட மாதிரி இருக்கு."

அந்தம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இது எங்கம்மா மூஞ்சி. எனக்கு வந்துச்சு, எங்கிட்டருந்து ஒனக்கு வந்துச்சு. ஒனக்கு இது ஆம்பள மூஞ்சின்னா, அப்ப நா என்னா ஆம்பளையா?"

நான் சிரித்த சிரிப்பில் தலையில் டை போட்டு உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். அந்தம்மாவும் சிரித்தார். 

அந்தம்மா போன பிறகு நானும் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். "இருக்கற மூஞ்சிக்கு என்ன கேடு? எலும்ப அறுக்கறதாம், ஆணி அடிக்கறதாம். கேக்கவே குலை நடுங்குது. நான் புருவத்த எடுத்து, முடிய முன்னால வெட்டி விட்டு, மகாலட்சுமியாட்டம் ஆக்கி விடறேன், பேசாம இரு."

அவள் கோபப்படவில்லை. "அக்கா, நீங்க பஸ்ல ஏறினா சீட்டு இருக்கான்னு பாப்பீங்க. நான் யார் யார் தல திரும்புதுன்னு பாப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாளு, அதப் பாக்காம ஜன்னல் பக்கம் உக்காந்து போவணும்" என்றாள். அதைவிட மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். "லயத்துக்குப் போவணும்க்கா. எங்கம்மா ஊட்டு வாசல்ல, பொம்பளைங்க நடுவுல ஒரு பொம்பளையா உக்காந்து எந்திரிச்சு வரணும். இந்த மூஞ்சியோட போனா, இன்னார் பெத்ததுன்னு தாடையே சொல்லிரும். அப்புறம் அம்மாவ அங்க யாரு வாழ விடுவா?"



எப்படியோ பணத்தைப் புரட்டி, ஒரு மழைக்காலத்தில் கீழே போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். டாக்ஸியிலிருந்து இறங்கியபோது நான் பயந்தே போனேன். முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. கண்ணைச் சுற்றி ஊதா நிறம். மோவாய்க்கு அடியில் போய்த் தலை உச்சி வரைக்கும் ஒரு பட்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மப்ளர் இருந்த இடத்தில் இப்போது அந்தப் பட்டை. வாயைத் திறக்க முடியாது. கஞ்சியை வடித்து, ஆற்றி, நான்தான் மேலே கொண்டுபோவேன். வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணால் சிரிப்பாள். முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். நான் சொல்லியும் கேட்காமல் படியேறி மேலே போய்விட்டார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"புள்ள, நாந்தான். தொற."

உள்ளே நடக்கிற சத்தம் கேட்டது. கதவு வரைக்கும் வந்து நின்றது.

"வேண்டாம்மா. இப்பப் பாத்தா பயந்துருவ. வீக்கம் வடியட்டும். நானே வரேன்."

"நா பெத்தது எனக்கென்னாடி பயம்?"

அந்தம்மா வாயில் 'டி' வந்து அன்றுதான் கேட்டேன்.  கதவு திறக்கவில்லை. "சத்தமாச்சும் குடு புள்ள, கேட்டுட்டுப் போறேன்" என்றார். உள்ளேயிருந்து அவள் என்னென்னவோ பேசினாள், வாய் சரியாகத் திறக்காமல். அந்தம்மா கதவில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டார். பிறகு தேங்காய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும் இருந்த தூக்கை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். மெல்ல முடியாது என்று அவருக்குத் தெரியாது. அவள் அந்த ரொட்டியைப் பிய்த்து டீயில் ஊறப்போட்டு ஒரு துண்டு விடாமல் விழுங்கினாள்.

மழை விட்டது. பட்டை போனது, ஊதா போனது. என் தொழிலே முகத்தைப் பார்ப்பதுதான். நான் சொல்கிறேன், அவள் அழகாகத்தான் இருந்தாள். சினிமாக்காரி அழகு இல்லை. காய்கறிக் கடையில் பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணின் அழகு, அவள் கேட்டதும் அதைத்தான். ஒரு நாள் ஊட்டி வரைக்கும் போய்விட்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கண்டக்டர் 'யம்மா, உள்ள போம்மா'ன்னு கத்தறான்க்கா. எல்லாப் பொம்பளைங்களயும் திட்டற மாதிரி என்னயும் திட்டறான்!" திட்டு வாங்கிவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அதை வீண் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

ஆனால் அம்மா போன் செய்தால் மட்டும் அதே பதில். "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. வீக்கம் வடியட்டும்." எங்கேடி வீக்கம் என்று நான் கேட்பேன். தாடை ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க இருக்குக்கா, உங்களுக்குத் தெரியாது" என்பாள். ஆபரேஷனுக்குப் பிறகும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள், கண்ணாடிக்கு முதுகு காட்டியபடியே. அந்தம்மாவும் அதற்குப் பிறகு படியேறவில்லை. பிள்ளை கூப்பிடும் என்று காத்திருந்தார் போல.

பனி தொடங்கிய ஒரு காலையில் அவள் போன் அடித்தது. அம்மாவின் நம்பர். எடுத்தால் ஆம்பளைக் குரல். தம்பி. "ஏனுங்க, பார்லருங்களா?" என்றான். அம்மா அவள் நம்பரை 'குன்னூர் பார்லர்' என்று பதிந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அவள் "ஆமாங்க" என்றாள். "அம்மா தவறிட்டாங்க. வேலைக்குக் கெளம்பறப்ப நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான். அடிக்கடி உங்க நம்பருக்குப் பேசியிருக்காங்க, அதான் சொல்லலாம்னு." அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "வர்றோமுங்க" என்றாள்.

நானும் கூடப் போனேன். அவள் மப்ளர் எடுத்துக்கொள்ளவில்லை. மறந்தாளா, வேண்டாமென்று விட்டாளா, கேட்கவில்லை.

லைன் வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க, மோவாய்க்கு அடியில் கொடுத்துத் தலை உச்சியில் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் கண் அந்தத் துணியில்தான் இருந்தது.

பெண்கள் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். யாரென்று கேட்டார்கள். பார்லர் என்றேன். "எங்கக்காவுக்குப் பார்லரு கேட்டுச்சாக்கும்!" என்று ஒரு கிழவி அழுகைக்கு நடுவே சிரித்தார். கால் வலிக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுவோம் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அந்தக் கிழவி பக்கத்து வீட்டுக்காரர். அவரேதான் பிறகு ஆரம்பித்தார். "மூத்தவன் ஒருத்தன் இருந்தான். அப்படியே இவ மூஞ்சி, இவ தாட. எங்க போய்ச் செத்தானோ, இருக்கானோ. பொட்டப்புள்ளயும் பெறல, மகராசி. ஒனக்கு யாரு எண்ண வப்பா, யாரு விழுந்து அழுவா?"

என்னால் உட்கார முடியவில்லை. அவள் காதில், "சொல்லிடட்டுமாடி?" என்றேன். அவள் என் கையை நசுக்கினாள்.

"வேண்டாங்க்கா. சொன்னா, மூத்த மகன்னு ஆம்பளைங்க பக்கம் இழுத்துட்டுப் போயி மொட்ட அடிச்சு, கொள்ளிச் சட்டியக் கையில குடுத்துருவாங்க. கடைசியா அம்மா என்ன 'டி' போட்டுச்சு. நா இப்படியே இருந்துக்கறேன்."

எண்ணெயும் சீயக்காயும் வந்தன. தலைக்கு வைக்கச் சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். நாத்தனார், ஓரகத்தி, தம்பி பெண்டாட்டி. அவளும் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தக் கிழவி அவள் முழங்கையைப் பிடித்து, அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

"அம்மணி, நீங்க தள்ளி உக்காருங்க. சொந்தக்காரங்க வரட்டும்."

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஒருத்தர் தலையும் திரும்பவில்லை. வெகுதூரம் வந்த பிறகு, "அம்மணின்னு கூப்பிட்டாங்கக்கா" என்றாள்.  உள்ளங்கையால் தாடையைத் தாங்கிக்கொண்டே சொன்னாள். "வீக்கமெல்லாம் எப்பவோ வடிஞ்சிருச்சுக்கா. அம்மா குடுத்தத வெட்டிப் போட்டுட்டு அது முன்னாடி போய் எப்படி நிக்கறதுன்னுதான் பயம். தேடிப் பாக்குமே, எங்க காணோம்னு. அதான் நாளைக்கு, நாளைக்குன்னு..."

கொஞ்ச நாளில் அறையைக் காலி செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள். கம்பெனி ஒன்றில் வேலை. மப்ளர்களை எனக்கு விட்டுப் போனாள். இப்போது அந்த நம்பர் போகவில்லை. மூஞ்சி சரியானதும் என்னோடு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன போட்டோ எடுக்கவே இல்லை. அந்த முகமும் எனக்குச் சரியாக நினைவில் வருவதில்லை, அந்தம்மா முகம்தான் வருகிறது.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொல்லி முடித்தேன். "பிரயோசனம் இருக்குங்க. இல்லேன்னு சொல்ல மாட்டேன். பண்றதும் பண்ணாததும் உங்க புள்ள இஷ்டம். ஆனா பண்ணிக்கிட்டா நீங்க போயிருங்க. இப்ப வராத, வீக்கம் வடியட்டும்னு சொல்லும். கேக்காதீங்க. கதவத் தட்டுங்க. தொறக்கலேன்னா ஒடைங்க."

அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"போன மாசமே பண்ணிக்கிச்சுங்க. உங்ககிட்டச் சொல்லத்தான் கூச்சமா இருந்துச்சு. வராதம்மா, வராதம்மான்னுதான் தெனமும் சொல்லுது."

நான் நூலைக் கீழே போட்டேன். வாசல் போர்டைத் திருப்பி வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய மப்ளர்களில் ஒன்றை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினேன்.

"எந்திரிங்க, கோயமுத்தூர் பஸ் நின்னுக்கிட்டிருக்கும். நானும் வரேன்."